85க்குப் பதிலாக 75

கடந்த ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை மாலை, என் 8 வயது மகளுக்குக் கீழ்த்தாடையின் வலப்பக்கத்தில் பிடுங்கியிருக்க வேண்டிய பால் பல்லை விட்டுவிட்டு, இடப்பக்கத்தில் அதற்கு நேர் எதிரே இருந்த பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். கேள்விப்பட்ட எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "பால் பல்தானே, எப்படியும் விழப்போறதுதானே." மருத்துவமனை சொன்னது, என் மாமியார் சொன்னார், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரும் சொன்னார். அந்தப் பதிலில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை நான் தெரிந்துகொள்ள மூன்று வாரங்கள் ஆயின.

நாங்கள் இருப்பது திருச்சியில். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு பல் மருத்துவமனைக்குத்தான் குடும்பமே நான்கு ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். மகளுக்கு வலது கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை ஆழமாகப் போய், ஈறில் பட்டாணி அளவுக்கு ஒரு சீழ்க் கொப்புளம் வந்திருந்தது. சனிக்கிழமை மட்டும் அங்கே வரும் குழந்தைகள் பல் மருத்துவர் சிறிய எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். பல்லின் இரண்டு வேர்களும் பிரியும் கவட்டையில் எலும்பு அரித்துப்போயிருக்கிறது, இனி வேர் சிகிச்சை செய்து பயனில்லை, எடுத்துவிடுவதே நல்லது என்றார். முதலில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்துச் சீழை அடக்க வேண்டும், பிறகு வார நாளில் வந்தால் அங்கேயே இருக்கும் மருத்துவர் எடுத்துவிடுவார் என்றும் சொன்னார். அவர் கோப்பில் தம் கையால் எழுதிய எண் 85. அதை நான் பார்த்தது பின்னால்தான்.

மருந்து நன்றாக வேலை செய்தது. கொப்புளம் அமுங்கிவிட்டது, வலியும் நின்றுவிட்டது, மகள் முறுக்குகூடத் தின்ன ஆரம்பித்தாள். இப்போது யோசித்தால், பிழைக்கு வழிவிட்ட முதல் காரணம் இதுதான் என்று தோன்றுகிறது. வீக்கமும் சிவப்பும் இருந்திருந்தால் எந்த மருத்துவரின் கண்ணும் தானாக அந்தப் பக்கம் போயிருக்கும். புதன்கிழமையன்று வாயைத் திறந்து பார்த்தவருக்கு இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி தெரிந்திருக்க வேண்டும்: வலப்பக்கம் சொத்தைப் பல்லில் தற்காலிக அடைப்பு, இடப்பக்கம் அதே இடத்துப் பல்லில் போன வருடம் அதே மருத்துவமனையில் அடைத்த வெள்ளைச் சிமென்ட்.

இரண்டாவது காரணம் நானாகவும் இருக்கலாம். நேரம் குறிக்கத் தொலைபேசியில் அழைத்தபோது, வரவேற்பில் இருந்த பெண், "எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். நான் மகளின் முகத்தை எனக்கு எதிரே கற்பனை செய்துகொண்டு, "இடது பக்கம்" என்று சொன்னதாக மங்கலாக நினைவிருக்கிறது. எதிரே உட்கார்ந்து சோறு ஊட்டும் தாய்க்குப் பிள்ளையின் வலக்கன்னம் தன் இடக்கைப் பக்கம்தான் இருக்கும். அப்படிச் சொன்னேனா இல்லையா என்று பல இரவுகள் புரண்டு படுத்திருக்கிறேன். சொல்லியிருந்தாலும் என் வாய்ச்சொல் நோய்க்கணிப்பு ஆகாது. எக்ஸ்ரேயும் கோப்பும் ஒரு கை தூரத்தில் இருந்தன. ஆனாலும் அன்றைய சீட்டில் 75 என்று வந்தது, அந்தச் சீட்டை மட்டும் பார்த்தே வேலை நடந்தது.

நான் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்திலும் 75 என்றுதான் இருந்தது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. படிவத்தை நீட்டியவரும் சொல்லவில்லை. தெரிந்துகொண்ட பிறகு எளிதாகத்தான் இருக்கிறது. வாயை நான்கு கால் பகுதியாகப் பிரிக்கிறார்கள். நிலையான பற்களுக்கு 1 முதல் 4 வரை, பால் பற்களுக்கு 5 முதல் 8 வரை. மேல் வலம் 5, மேல் இடம் 6, கீழ் இடம் 7, கீழ் வலம் 8. வலம், இடம் எல்லாம் நோயாளியின் வலமும் இடமும்தான், பார்ப்பவருடையது அல்ல. இரண்டாவது இலக்கம், நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பதைக் காட்டும். பால் பற்கள் மொத்தம் 20 என்பதால் ஒரு பகுதிக்கு ஐந்துக்கு மேல் போகாது. ஆக 85 என்பது கீழ் வலப்பக்கத்தின் கடைசிப் பால் பல், 75 என்பது கீழ் இடப்பக்கத்தின் கடைசிப் பால் பல். இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம். அமெரிக்காவில் பால் பற்களுக்கு எழுத்துகளை வைத்திருக்கிறார்கள். அங்கே இவை டி (T), கே (K) என்று வெவ்வேறு எழுத்துகள். நம்மிடம் இன்னும் சில மருத்துவமனைகளில் இரண்டு பல்லையும் ஈ (E) என்றே எழுதி, பக்கத்தில் போடும் கோட்டின் மூலை எந்தத் திசையில் இருக்கிறது என்பதை வைத்து இடம் வலம் காட்டுகிறார்கள். ஒரு பேனா வழுக்கினால் பக்கம் மாறிவிடும்.

இனி அந்த நாற்காலிக்கு வருகிறேன். எழுதுவதற்குக் கடினமான பகுதி இதுதான்.

ஊசிக்கு முன் ஈறு மரத்துப்போக ஒரு ஜெல்லைத் தடவுவார்கள். அதை இடப்பக்கத்தில் தடவியபோதே மகள் தலையைத் திருப்பினாள். வாயில் எச்சில் உறிஞ்சும் குழாய் இருந்ததால் அவள் சொன்னது சொல்லாக வரவில்லை, வெறும் சத்தமாக வந்தது. வலது கையைத் தூக்கினாள். நான் அந்தக் கையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். "ஒண்ணுமில்ல பாப்பா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று உதவியாளர் சொன்னார். நானும் அதையே சொன்னேன். ஊசி போட்டுப் பத்து நிமிடம் கழித்து டாக்டர் திரும்பி வந்து, "உதடு தடிச்சுப்போன மாதிரி இருக்கா?" என்று கேட்டார். மகள் உதட்டின் இடப்பக்கத்தைத் தொட்டுத் தலையாட்டினாள். பிறகு வலது கன்னத்தைத் தொட்டு, "இங்கதான் டாக்டர் வலிச்சுச்சு" என்றாள்.

"இனிமே வலிக்காதும்மா" என்றார் டாக்டர்.

அவள் சொன்னதை நாங்கள் மூவரும் கேட்டோம். மூவரும் அதைப் பயமாக எடுத்துக்கொண்டோம். ஒரு மருத்துவர், ஓர் உதவியாளர், ஒரு தாய் என மூன்று பெரியவர்கள் இருந்த அந்த அறையில், எந்தப் பல் நோயுற்ற பல் என்பதை நிச்சயமாக அறிந்திருந்த ஒரே ஆள் அவள்தான். அவளை அமைதிப்படுத்துவதிலேயே நாங்கள் எல்லோரும் குறியாக இருந்தோம்.

பல் எளிதில் வரவில்லை. "வேர் நல்லாப் பிடிச்சிருக்கு" என்று டாக்டர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு இடுக்கியை இப்படியும் அப்படியும் அசைத்தார். சீழ் பிடித்து எலும்பு அரித்த பல் அப்படிப் பிடித்துக்கொண்டிருக்காது என்பதை இன்னொரு மருத்துவர் பின்னால் விளக்கினார். பல்லை ஒரு சிறிய பிளாஸ்டிக் உறையில் போட்டு மகளிடமே கொடுத்தார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு, வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

இரவு ஒன்பது மணிக்கு ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்க்கத் தொலைபேசி விளக்கை அடித்து அவள் வாய்க்குள் பார்த்தேன். வலப்பக்கத்தில் சொத்தைப் பல் அப்படியே உட்கார்ந்திருந்தது. முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு உறையைப் பிரித்துப் பல்லைக் கையில் எடுத்தேன். நாம் தரையிலிருந்து பொறுக்கும் விழுந்த பால் பல் மேலே ஒரு தொப்பி போலத்தான் இருக்கும், வேர் கரைந்துபோயிருக்கும். இதில் இரண்டு வேர்களும் முழுசாக, நண்டின் கொடுக்கு போல வெளிப்பக்கம் விரிந்து நின்றன. மேல்பகுதியில் போன வருடத்துச் சிமென்ட் வெள்ளையாகத் தெரிந்தது. சொத்தை எங்கும் இல்லை.

என் கணவர் எங்கோ படித்த நினைவில் ஓடிப்போய் ஒரு டம்ளரில் பால் ஊற்றி அதில் பல்லைப் போட்டார். அடிபட்டு விழுந்த பல்லைப் பாலில் போட்டு எடுத்துப்போனால் திரும்ப நட்டுவிடலாம் என்பது உண்மைதான், ஆனால் அது நிலையான பற்களுக்கு மட்டும். பால் பல்லை மீண்டும் குழியில் வைத்தால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலையான பல்லின் கரு சேதமடையக்கூடும் என்பதால் அதை நடவே கூடாது. எங்களுக்கு அது அப்போது தெரியாது. விடியும்வரை அந்த டம்ளர் ஃபிரிட்ஜில் முட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தது.

மறுநாள் காலையில் மருத்துவமனை திறக்கும் முன்பே போய் நின்றோம். சண்டை போடும் உத்தேசத்தோடு போகவில்லை. நாங்கள்தான் ஏதோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்ற நப்பாசையோடு போனோம். மருத்துவர் கோப்பைப் புரட்டினார், எக்ஸ்ரேயைக் கணினியில் திறந்தார், சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்துக்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. பேச வந்த உரிமையாளர்தான் சிரித்த முகத்தோடு, "பால் பல்தானேம்மா" என்று ஆரம்பித்தார். கட்டணத்தைத் திருப்பித் தருவதாகவும், வலப்பக்கப் பல்லை இலவசமாக எடுத்துவிடுவதாகவும் சொன்னார். நான் மகளைப் பார்த்தேன். அவள் நாற்காலி இருந்த அறையின் பக்கமே திரும்பவில்லை.

கடைசிப் பால் கடைவாய்ப் பல் என்ன வேலை செய்கிறது என்பதை அதன் பிறகுதான் படித்தேன், கேட்டேன். அது மெல்லுவதற்கு மட்டும் உள்ள பல் அல்ல. ஆறு வயதை ஒட்டி, எந்தப் பால் பல்லும் விழாமலே, அதற்குப் பின்னால் முதல் நிலையான கடைவாய்ப் பல் சத்தமில்லாமல் முளைக்கிறது. முன்னால் பால் பல் சுவர் போல நிற்பதால்தான் அது தன் இடத்தில் நிற்கிறது. சுவரை எடுத்துவிட்டால் பின்பல் முன்னோக்கிச் சாய்ந்து நகரத் தொடங்கும். பால் பல்லின் இடத்தில் வரவேண்டிய முன்கடைவாய்ப் பல் முளைப்பது சுமார் 11, 12 வயதில். என் மகளுக்கு அதற்கு இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. அதற்குள் இடம் குறுகிவிட்டால் அந்தப் பல் ஈறுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளலாம், அல்லது வரிசை தவறி முளைக்கலாம். பிறகு கம்பி கட்டி இடம் பிடிக்க வேண்டியிருக்கும். விழப்போகும் பல் என்பது உண்மை. எப்போது விழ வேண்டும் என்று அதற்கு ஒரு கணக்கு இருப்பதும் உண்மை.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஞானப் பற்களை விட்டுவிட்டால், சிலருக்குப் பிறவியிலேயே உருவாகாமல் போகும் நிலையான பற்களில், இதே இடத்தில் வரவேண்டிய கீழ் இரண்டாம் முன்கடைவாய்ப் பல் முக்கியமானது. அடியில் பல்லே இல்லாத குழந்தைக்கு மேலே உள்ள பால் பல்லைத்தான் முடிந்தவரை வளர்ந்து பெரிய ஆளாகும் வரைக்கும் காப்பாற்றி வைப்பார்கள். அப்படி ஏதாவது இருந்து, அந்த ஆரோக்கியமான பல்லைத்தான் நாங்கள் தூக்கி எறிந்துவிட்டோமோ? வேறொரு குழந்தைகள் பல் மருத்துவரிடம் போய், தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே எடுக்கும்வரை இரண்டு நாட்கள் இந்தக் கேள்வியோடு இருந்தேன். படத்தை விளக்குத் திரையில் வைத்து அவர் பேனா முனையால் காட்டினார்: இரண்டு பக்கமும் எலும்புக்குள், வேர் இன்னும் சரியாக முளைக்காத இரண்டு சிறிய மொட்டுகள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "இதுக்கு ஏன்மா அழறீங்க, இது நல்ல செய்திதானே" என்றார் அவர்.

வலப்பக்கத்துச் சொத்தைப் பல்லையும் எடுத்தாக வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அதற்கு ஒரு மாதம் இடைவெளி கொடுத்து, இரண்டு தடவை சும்மா அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் திரும்ப அழைத்துப்போகச் சொன்னார். மூன்றாம் முறை அவர் செய்தது மிகச் சிறிய காரியம். ஒரு கைக்கண்ணாடியை மகள் கையில் கொடுத்து, "எந்தப் பல்லை எடுக்கப்போறோம்னு நீ காட்டு" என்றார். அவள் விரலை வைத்துக் காட்டினாள். அடுத்து என்னைக் காட்டச் சொன்னார். பிறகு எக்ஸ்ரேயைத் திருப்பி, "இதுதானே?" என்று கேட்டு, கோப்பிலிருந்த எண்ணை உதவியாளரைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதன் பிறகுதான் ஊசியை எடுத்தார். மகள் அழுதாள், ஆனால் கையைத் தூக்கவில்லை.

இப்படிச் சரிபார்ப்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அறுவை சிகிச்சையில் இடம் மாறுவது போன்ற பிழைகள் நேரக் கூடாது என்பதற்காக 2008இல் உலகச் சுகாதார நிறுவனம் ஒரு சரிபார்ப்புப் பட்டியலையே வெளியிட்டது. கை, கால் என்றால் தோலின் மேல் மையால் குறியிடலாம். பல்லின் மேல் அப்படிக் குறியிடுவது எளிதல்ல என்பதால் எக்ஸ்ரேயிலோ பல் வரைபடத்திலோ குறிக்கலாம் என்று அமெரிக்க விதிமுறை இடம் கொடுக்கிறது. இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவை, ஒருபோதும் நடக்கக் கூடாத நிகழ்வுகளின் 2018 பட்டியலில் தவறான பல்லைப் பிடுங்குவதையும் வைத்திருந்தது. ஆனால் முழு மயக்கம் கொடுத்து எடுத்தால் ஒழியப் பால் பல்லை அதில் சேர்க்கவில்லை. 2021இல் அந்தப் பட்டியலிலிருந்து பல் பிடுங்கும் பிழையையே நீக்கிவிட்டார்கள், அதை உறுதியாகத் தடுக்கும் அளவுக்கு வலுவான ஏற்பாடுகள் இல்லை என்பதால். பால் பல்லை இரண்டாம் தரமாக நினைப்பது நம் ஊரில் மட்டும் இல்லை என்று தெரிந்ததில் எனக்கு ஆறுதலும் இல்லை.

இரண்டு பக்கமும் பல் போய்விட்டதால் பின்பற்கள் முன்னால் நகராமல் தடுக்க, இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே இடங்காப்பியாகப் போட்டார்கள். பின்னால் உள்ள இரண்டு நிலையான கடைவாய்ப் பற்களுக்கும் மோதிரம் போல உலோக வளையம் மாட்டி, இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்து, அந்தக் கம்பி கீழ் முன்பற்களின் உட்பக்கத்தை ஒட்டி வளைந்து போகும்படி அமைத்திருக்கிறார்கள். நாக்கு முதல் வாரம் முழுதும் அதையே தடவிக்கொண்டிருந்தது. "ச" சொல்லும்போது சீழ்க்கை கேட்டது. கடலை மிட்டாய், கமர்கட், சூயிங்கம் எல்லாம் தடை. ஒட்டிய சிமென்ட் கரைந்திருக்கிறதா என்று பார்க்கச் சில மாதங்களுக்கு ஒருமுறை போக வேண்டும். வலப்பக்கம் மட்டும் சரியாக எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு சிறிய வளையம் போதுமாக இருந்திருக்கும்.

இந்தச் செலவை முதல் மருத்துவமனை தர வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். வாய்ப்பேச்சில் ஆரம்பித்திருந்தால் வாய்ப்பேச்சோடே முடிந்திருக்கும் என்பது சட்டம் தெரிந்த என் சித்தப்பா சொன்ன யோசனை. முதல் நாள் குறிப்பு, எக்ஸ்ரே, அன்றைய சீட்டு, நான் கையெழுத்திட்ட படிவம் ஆகியவற்றின் நகல்களை அவர்கள் பேச்சில் கனிவாக இருந்த முதல் இரண்டு நாட்களுக்குள்ளேயே வாங்கிவிட்டோம், நல்லவேளை. கட்டணம் செலுத்திப் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சாந்தா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. வழக்கறிஞர் இல்லாமல் நாமே போய் நிற்கலாம். மருத்துவரின் தொழில் ஒழுக்கம் பற்றிய புகார் என்றால் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலுக்குப் போக வேண்டும். கவுன்சிலுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. அன்று காலை கோப்பைப் பார்த்து வாயடைத்து நின்ற அந்த இளம் மருத்துவரை அங்கே இழுப்பதைவிட, கோப்பைப் பார்க்காமல் சீட்டை வைத்தே வேலை நடக்கும்படி அந்த இடத்தை நடத்தும் உரிமையாளரிடம் கேட்பதுதான் முறை என்று நினைக்கிறேன். என் கணவருக்கு இதில் உடன்பாடு இல்லை. எங்கள் வீட்டில் இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

என் கடிதத்துக்கு வந்த பதிலில் "தகவல் தொடர்பில் ஏற்பட்ட குறைபாடு" என்று ஒரு தொடர் இருந்தது. அதை மகளிடம் படித்துக்காட்டவில்லை. ஆனால் அவள் நாற்காலியில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை, அவள் சொன்னபடியே, என் மறுகடிதத்தின் முதல் பத்தியில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

வலப்பக்கத்துப் பல்லை, வழக்கப்படி சாணி உருண்டைக்குள் வைத்து, துறையூர்ப் பக்கம் இருக்கும் மாமியார் வீட்டு ஓட்டுக் கூரையில் மகள் வீசிவிட்டாள். இரண்டாம் வீச்சில்தான் மேலே தங்கியது. இடப்பக்கத்துப் பல் பழைய குங்குமச் சிமிழ் ஒன்றில், ரசீதுகளோடு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அதையும் எப்போது எறியலாம் என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வழக்கு என்று ஒன்று போட்டால் அதுதான் சாட்சி என்பதால், அந்த இரண்டு ஆண்டு கழியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்போது அவளுக்குப் பத்து வயதாகியிருக்கும். அந்த இடத்துப் புதுப் பல் அப்போதும் முளைத்திருக்காது.